மதகுச் சாவிக்கு இரண்டு வர்ணம்

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மதகுச் சாவிக்கு முதலில் அடித்தது ஊதா வர்ணமா, இளஞ்சிவப்பா என்று கேட்டால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு மற்றொன்று. கேள்வித்தாளில் இருந்தவை நாற்பத்திரண்டு கேள்விகளா, நாற்பத்து நான்கா என்பதும் அப்படித்தான். அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்தது. அதில் நின்று குளித்தவர்கள் எடுத்த புகைப்படங்கள் இன்னும் பலருடைய போனில் இருக்கின்றன.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், செலியமேட்டுக்கு அப்பால், ஆலடித்தாங்கல் என்று ஒரு சிற்றூர். அதற்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரே ஒரு மதகு. அந்த மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். ஆதிமூலம் இருபது வருஷம் நீர்க்கட்டியாக இருந்தார். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தபிறகு நாலு வருஷம் கட்டிலில் கிடந்தார். அந்த நாலு வருஷமும் ஏரிச் சங்கத்தின் நோட்டில் நீர்க்கட்டி என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. மண்வெட்டியும் மதகுச் சாவியுமாகக் கரைமேல் நடந்தவள் அவர் பெண்சாதி தையலம்மாள்.

மதகுச் சாவி என்றால் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு துளை. மதகின் திருகுக் கம்பித் தலையில் அந்தத் துளையைப் பொருத்திச் சுற்றினால் ஷட்டர் மேலே ஏறும். துளை தேய்ந்து அகன்றுவிட்டதால் வெறுமனே சுற்றினால் வழுக்கும். தையலம்மாள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி உள்ளே திணித்து வைத்திருந்தாள். முதலில் அரைச் சுற்றுப் பின்னால் திருப்பி, கம்பி முனகுவதைக் காதால் கேட்டு, அப்புறம்தான் முன்னால் சுற்றுவாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை.

அவள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. ஆதிமூலம் காலத்தில் மதகை ஒட்டிய தலைமடை வயல்களுக்கு முதல் தண்ணீர். அவை குடித்து மிச்சம் இருந்தால் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு. தையலம்மாள் அதைத் திருப்பிப் போட்டாள். முதல் முறை கடைமடைக்கு, அப்புறம் மேலே. ஏன் என்று கேட்டவர்களிடம், "தலமடக்காரங்களுக்குப் போர்க் கெணறு இருக்குது. கடமடக்காரங்களுக்கு நான்தான் கீறேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் வாழ்நாளில் ஆற்றிய உரை.

தினமும் வேலை முடிந்து சேறு படிந்த காலோடு வீட்டுக்குள் நுழையும்போது ஆதிமூலம் கட்டிலில் கிடந்தபடி ஒரு கேள்வி கேட்பார்.

"தண்ணி எங்க போயி சேந்துச்சு?"

"காசம்மா கயினி வரைக்கும் போயிடுச்சு."

"செரி" என்று கண்ணை மூடிக்கொள்வார். நாலு வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி அதுதான். கார்த்திகையில் மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பிய நாலாம் நாள் ஆதிமூலம் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தையலம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். தையில் நடவுக்குத் தண்ணீர் விட்டாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் ஒரு கணம் நின்றாள். ஏன் நின்றோம் என்று யோசித்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

மாசியில் ஏரிச் சங்கம் கூடியது. தலைவர் சுப்புராயனுக்குத் தலைமடையில் ஆறு ஏக்கரும் இரண்டு போரும் இருந்தன.

"நான் ஒண்ணும் சொல்லலே" என்று ஆரம்பித்தார் அவர். "தையலம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா ஊர்ல பேசிக்கிறாங்க. தாலி எறக்குன பொம்பள மதகத் தொறந்தா நல்லாவா இருக்கும்னு எவனோ கேக்குறான். வாய மூடுடான்னு சொன்னேன். ஆனா கேட்டுட்டான் பாரு."

"எவன் கேட்டான்? பேரச் சொல்லு" என்றாள் காசம்மாள். கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருந்தவள்.

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"நாலு வருசமா இவதான தொறந்தா. அப்ப இன்னா ஏரி வத்தியா பூட்ச்சி?"

"அப்ப ஆதிமூலம் இருந்தாரு. அவரு பேர்ல இவங்க தொறந்தாங்க, அதுல ஒரு சிக்கலும் இல்ல. இப்ப இவங்க பேர்லயே இவங்க தொறக்கறதுன்னா அது பெண்ணுரிமைப் பிரச்சன. அதுல நாம கைய வெக்கக் கூடாது காசம்மா. அதுக்குன்னு படிச்சவங்க கீறாங்க."

மகளிர் சம்பந்தப்பட்ட எதையும் கொம்யூன் மகளிர் மேன்மைக் கழகத்தின் கருத்தைக் கேட்டே முடிவு செய்வது என்று சங்கம் ஏற்கெனவே ஒரு தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானம் போட்ட நாளில் கூட்டத்துக்கு மகளிர் யாரையும் கூப்பிடவில்லை. ஆலடித்தாங்கலின் மதகு அப்படித்தான் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கழகம் பாகூரில் ஒரு மாடியில் இருந்தது. தலைவி கல்பனா, பாண்டியில் பேராசிரியை. துணைத்தலைவி ரோஸி மேரி, வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. செயலாளர் அரிகரன். மகளிர் கழகத்துக்கு ஆண் செயலாளர் எதற்கு என்று யாராவது கேட்டால், அடுப்படியிலிருந்து பெண்களை விடுவிக்கச் சொல்கிற நாம் கடிதம் எழுதும் வேலையிலிருந்தும் அவர்களை விடுவிக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்பான்.

தையலம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தையலம்மா, நீங்க உங்கள ஒரு பெண்ணியவாதின்னு சொல்லிக்குவீங்களா?" என்றார் கல்பனா.

"நான் நீர்க்கட்டிம்மா."

"அது நீங்க செய்யற வேலை. நான் கேக்கறது நீங்க யாருன்னு."

தையலம்மாள் பதில் சொல்லவில்லை. அரிகரன் குறிப்பேட்டில் 'மௌனம்' என்று எழுதி அடிக்கோடு போட்டான். பிறகு கேள்வித்தாளை நீட்டினான். பதினேழாவது கேள்வி வரைக்கும் ஒரு வழியாகப் போனது. பதினேழாவது இது: இந்த வேலை உங்கள் சொந்தத் தேர்வா, உங்கள் மீது திணிக்கப்பட்டதா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

அவள் வெகுநேரம் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலத்துக்குக் காலை எடுத்த அன்று ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மறுநாள் கடைமடை முறை என்று ஞாபகம் வந்தது. பஸ் பிடித்து ஊருக்கு வந்து, மூலையில் சார்த்தியிருந்த சாவியை எடுத்தாள். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. போ என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை.

"இன்னா போடறதும்மா இதுல?"

"அன்னிக்கு நீங்களா போனீங்களா? இல்ல, போக வெச்சாங்களா?"

"மொற வந்துச்சி. போனேன்."

அவள் பேனா முனையை இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் வைத்துவிட்டாள். அந்தப் புள்ளியைப் பற்றிக் கழகம் மூன்று அமர்வுகள் விவாதித்தது.

"தேர்வா இருந்தா நாம கை தட்டணும். திணிப்பா இருந்தா கண்டிக்கணும்" என்றார் கல்பனா. "எதுன்னு தெரியாம நாம எதையும் செய்ய முடியாது. இன்னிக்குப் பெண்ணியம்னா தேர்வுதான்."

"மொழங்காலுக்கு மேல பொடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு சேத்துல நிக்கறதா விடுதலை?" என்றார் ரோஸி மேரி. "கௌரவம் வேணும் மேடம். கௌரவம் இல்லாத உரிமையக் குடுத்து இன்னா பண்றது?"

"மன்னிக்கணும்" என்றான் அரிகரன். "பெண்ணுன்னு ஒரு சலுகையும் காட்டாம இருக்கறதுதான் பெண்ணுக்கு நாம செய்யற மரியாத. ஓப்பனா போட்டி வைங்க. ஜெயிச்சா வரட்டும். அதுதான் சமத்துவம்."

மூவரும் ஒருவரையொருவர் பழமைவாதி என்று சொல்லிக்கொண்டார்கள். தையலம்மாள் மூன்று அமர்வுகளுக்கும் வரவழைக்கப்பட்டாள். அவளைப் பற்றி அவள் இல்லாமல் பேசுவது தவறு என்பதில் மட்டும் கழகத்தில் ஒத்த கருத்து இருந்தது. மூன்றாம் அமர்வில் அவள் எழுந்து நின்று கேட்டாள்:

"எம்மா, வெள்ளிக்கெழம கடமடைக்கு மொற. கதிரு வெளிய வர நேரம். நான் போவலாமா?"

"தையலம்மா" என்றார் கல்பனா, உண்மையான கனிவோடு. "நாங்க இப்ப அதவிடப் பெரிய விஷயம் பேசிட்டிருக்கோம். அதுவும் உங்களுக்காகத்தான்."

படியிறங்கும்போது ரோஸி மேரி பின்னாலேயே வந்தார். தையலம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் குறுக்காக ஓடிய காய்ப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கீழே தெருவில் பாகூர் டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் அடங்கியபிறகும் அவர் கையை விடவில்லை.

"முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கொடத்துல இருந்தேன்" என்றார் ரோஸி மேரி. "ஐந்நூறு புள்ளைங்க என் மணிச் சத்தத்துக்கு எழுந்து நிக்கும். இன்னிக்கும் வூட்ல அவர கேட்டுட்டுத்தான் இங்க வரேன். வேணாம்னா வர மாட்டேன்."

"அவுரு வேணாம்னு சொல்லுவாராம்மா?"

"சொன்னதில்ல. ஆனா கேக்கறேன் பாரு."

ரோஸி மேரி கையை விட்டுவிட்டு மேலே போனார். அன்று நடந்த வாக்கெடுப்பில் முன்பு சொன்னபடியே கௌரவத்துக்கு வாக்களித்தார்.

மகளிர் தினம் வந்தது. விழா வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். தையலம்மாள் மதகுச் சாவியோடு வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. சாவியை அலங்காரம் செய்ய இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைக்க வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. அவள் கொடுக்கத் தயங்கினாள். "ரெண்டே நாள், விழா முடிஞ்சதும் கைல குடுத்துடுவோம்" என்று அரிகரன் ஆட்டோவோடு வந்து வாங்கிக்கொண்டு போனான்.

சாவிக்கு வர்ணம் அடிப்பது என்று முடிவாகி, எந்த வர்ணம் என்பதில் தகராறு வந்தது. உலகம் முழுக்கப் பெண் போராட்டத்தின் நிறம் ஊதா என்றார் கல்பனா. நம் பெண்களுக்கு ஊதா ஒத்துவராது, இளஞ்சிவப்புதான் மங்கலம் என்றார் ரோஸி மேரி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை அடித்து, கடைசியில் மேல்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று என்று சமாதானம் ஆனார்கள். துளைக்குள் கறுப்பாக ஏதோ அழுக்கு அடைத்திருந்ததைப் பெயிண்டர் நோண்டி எடுத்துப் போட்டார். அது சைக்கிள் டியூப். பிறகு துளைக்குள்ளும் வர்ணம் அடித்தார்.

மேடையில் ஒரு ஸ்டாண்டில் சாவியை நிறுத்தி, அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். தையலம்மாளுக்கும் ஒன்று. குத்துவிளக்கு ஏற்ற மாவிலைத் தோரணம் மாதிரி வரிசையாக ஒன்பது பேர் நின்றார்கள். மெழுகுவர்த்தி கை மாறி மாறிப் போய் அவளிடம் வருவதற்குள் அணைந்துவிட்டது. தீப்பெட்டி தேடப் போனவர் திரும்பவில்லை.

சிறப்பு விருந்தினர் சுப்புராயன் பேசினார். "எங்க வூட்ல முழுக்க முழுக்கப் பெண்ணாட்சி. நான் வாயத் தொறக்கறதே இல்ல. இன்னிக்குக்கூட எங்க வூட்டம்மா, மகளிர் தினமாச்சே, நானும் வரேன்னாங்க. நான்தான், அறுவது பேருக்கு மதியச் சாப்பாடு நம்ம வூட்லதான, நீ கெளம்பிட்டா யாரு பாக்கறதுன்னு எடுத்துச் சொன்னேன். புரிஞ்சிக்கிட்டாங்க. இந்தப் புரிதல்தான் பெண்ணியம்." கைதட்டல் நீண்டது.

அரிகரன் பேசினான். "பெண்களுக்குக் குரல் இல்லங்கறாங்க. பதினோரு வருஷமா நான் பெண்களுக்காகப் பேசிட்டிருக்கேன். ஒரு கூட்டத்துலகூட ஒரு பெண் எழுந்து என்ன மறுத்ததில்ல. இதவிட வேற இன்னா அங்கீகாரம் வேணும்?"

கடைசியில் கல்பனா. நிகழ்ச்சிநிரலில் தையலம்மாளின் ஏற்புரை என்று ஒரு வரி இருந்தது. நேரமாகிவிட்டது. "தையலம்மாள் பேச வேண்டியதில்லை. அவர் இங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு பேச்சு" என்றார் கல்பனா. பிறகு கழகத்தின் முடிவை வாசித்தார். தர்க்கம் நேர்த்தியாகத்தான் இருந்தது. இந்த வேலை தையலம்மாளின் சொந்தத் தேர்வு என்றால், தனிமனிதரின் தேர்வில் தலையிடக் கழகத்துக்கு உரிமை இல்லை; ஆகவே பரிந்துரை செய்ய இயலாது. திணிக்கப்பட்டது என்றால், திணிப்பிலிருந்து அவரை மீட்பது கழகத்தின் கடமை. எது என்று தெளிவாகும்வரை, கடமையின் பக்கமே நிற்பதென்று கழகம் ஒருமனதாக முடிவு செய்கிறது. "இதன்படி தையலம்மாள் மதகு வேலையிலிருந்து இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. கண்ணாடிச் சட்டம் போட்ட விடுதலைச் சான்றிதழை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் சாப்பிடப் போனபின் மேடையேறி, பொன்னாடையை விலக்கி, சாவியைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"தையலம்மா, இன்னா பண்றீங்க?" என்று ஓடிவந்தார் கல்பனா.

"வூட்டுக்குக் கெளம்பறேம்மா. சாவிய எடுத்துக்கறேன்."

"அது இனிமே உங்க சாவி இல்ல. எல்லாப் பெண்களோட சாவி. நம்ம ஹால்ல கண்ணாடிப் பேழ செஞ்சிருக்கோம்."

தையலம்மாள் தோளில் சாவியோடு அவர் பக்கம் திரும்பினாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப எல்லாரும் வந்து மதகத் தொறப்பாங்களாம்மா?"

கல்பனா சிரித்தார். அவள் தோளிலிருந்து சாவியை இரண்டு பேர் பத்திரமாக இறக்கிக்கொண்டார்கள். அது பேழைக்குள் போய், காட்சிப்பொருள் எண் ஒன்று என்று சீட்டு ஒட்டிக்கொண்டது. எண் இரண்டு என்று எதுவும் இல்லை.

தையில் நட்ட நவரைப் பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கும் சமயம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் நின்றால் ஒரு பக்கம் நீலமாகத் தண்ணீரும், மறுபக்கம் கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். வேறு சாவி செய்யலாமே என்று காசம்மாள் சங்கத்தில் போய்க் கேட்டாள். அடுத்த நீர்க்கட்டி யார் என்பது கழகத்தின் பரிசீலனையில் இருக்கும்போது இன்னொரு சாவி செய்வது பெண்களை அவமதிப்பதாகிவிடும் என்றார் சுப்புராயன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவருடைய இரண்டு போர்களும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன.

பதினைந்து நாளில் அரிகரன் சொன்ன போட்டி நடந்தது. எழுத்துத் தேர்வு. நீர் மேலாண்மையில் பெண்களின் பங்கு என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். தையலம்மாள் நான்கு வரி எழுதினாள். 'தண்ணியெ கடமடைக்கு மொதல்ல உடணும். அப்புறம் மேல வரணும். தண்ணி பாயிறப்போ மடையெ உட்டுட்டு போவக் கூடாது. அவ்ளோதான்.' அவளுக்கு முப்பத்து நான்கு மதிப்பெண். ஆதிமூலத்தின் தம்பி மகன் மணிவண்ணன் டிப்ளமோ படித்தவன். உலகப் பெண் போராட்டங்களில் ஆரம்பித்து மதகில் கொண்டுவந்து முடித்திருந்தான். அவனுக்கு எழுபத்தொன்று. பெண்களின் பங்கைப் பற்றி நன்றாக எழுதிய ஆண் நீர்க்கட்டி ஆனான்.

நியமனம் வந்துவிட்டதால் இப்போது சாவி செய்வது அவமதிப்பு ஆகாது. லேத்தில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்கள். தேய்ந்த கம்பித் தலையில் அது வழுக்கியது. மணிவண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. பைப் ரெஞ்சைக் கொண்டுவந்து, மூன்று நண்பர்களைக் கூப்பிட்டு, நாலு பேருமாக நேராக முன்பக்கமாகத் திருகினார்கள். கம்பி ஒருமுறை கத்திவிட்டு முறுக்கிக்கொண்டது. ஷட்டர் இறுகிப்போனது. சரிசெய்ய மதிப்பீடு தயாரித்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அவன் தையலம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பெரிம்மா, தொறக்கறதுக்கு முந்தி ஒன்ன ஒரு வார்த்த கேக்கலாம்னுதான் நெனச்சேன்."

"கேக்கறதுதானடா."

"ஒன்னக் கேட்டா போட்டி நேர்மையா இருக்காதுன்னு அரிகரன் சார் சொல்லிட்டாரு."

அவள் அவனைத் திட்டவில்லை. "அரச் சுத்து பின்னால போவணும்டா" என்றாள். காற்றில் இரண்டு கையையும் வைத்துச் சுற்றிக் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் கையை இறக்கிவிட்டாள்.

பங்குனிக் கடைசியில் காசம்மாள் பயிரை மாட்டுக்கு அறுத்தாள். பால் பிடிக்காத கதிர், பதராக வெளுத்து நின்றது. தையலம்மாள் கூப்பிடாமலே அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வரிசையில் குனிந்தாள். இருவரும் தாளை அரிந்துகொண்டே வரப்புவரை போனார்கள்.

"ஒனக்குச் சால்வ போத்தனாங்களே" என்றாள் காசம்மாள், நிமிராமல். "அத எடுத்தாந்து இந்தக் கயினிக்குப் போத்துடி."

தையலம்மாள் அடுத்த பிடியை அரிந்தாள்.

"நீ ஏண்டி குடுத்த? அந்தச் சாவிய நீ ஏன் குடுத்த?"

"நம்ம நல்லதுக்குன்னாங்க."

"கேட்டதும் குடுத்துடுவியா?"

தையலம்மாள் அரிவதை நிறுத்தினாள். தூரத்தில் ஏரிக்கரை தெரிந்தது. நாலு வருஷம் யாரையும் கேட்காமல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது நினைவு வந்தது. செய்யலாமா என்று முதல்முறை ஒருவரிடம் கேட்டது அந்த மாடியில்தான். அதற்குப் பிறகுதான் எல்லாம் போனது. அதைக் காசம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறுபடி குனிந்தாள். காசம்மாள் சற்றுநேரம் பொறுத்து, தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கமாக வரப்பில் வைத்தாள்.

மறுவருஷ மகளிர் தினத்துக்கு அவளை மறுபடி அழைத்தார்கள். இந்த முறை பேச இரண்டு நிமிஷம் உண்டு. விழா கழக அறையிலேயே நடந்தது. மைக்கின் முன்னால் நின்று அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த கண்ணாடிப் பேழையைப் பார்த்தாள். ஊதா உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. இளஞ்சிவப்பு உரிந்த இடத்தில் செம்மண் நிறமாக ஏதோ பூத்திருந்தது.

"துரு ஏறுது" என்றாள். "கொஞ்சம் எண்ண போட்டு வைங்கம்மா."

அது சமூகத்தைப் பற்றிச் சொன்னது என்று அரிகரன் மைக்கை வாங்கி விளக்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். எண்ணெய் யாரும் போடவில்லை.

சுப்புராயன் இன்றும் சங்கத் தலைவர். இப்போது அவருக்கு மூன்று போர்கள். கல்பனா ஆலடித்தாங்கல் மதகைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு மாநாட்டில் வாசித்துவிட்டு வந்தார். அதில் தையலம்மாளின் பெயர் மாற்றித் தரப்பட்டிருந்தது, அவள் நலன் கருதி. ரோஸி மேரி கழகத்திலிருந்து விலகிக்கொண்டார்; வீட்டில் கேட்டுவிட்டுத்தான் விலகினார். அரிகரன் கழகத்துக்குத் தலைவன் ஆனான். மணிவண்ணன் நீர்க்கட்டி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கார் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். மதகுக்குப் புது ஷட்டர் வந்தது. முதல் தண்ணீர் மறுபடி தலைமடைக்குப் போகிறது. காசம்மாள் முக்கால் ஏக்கரை விற்றுவிட்டாள். அங்கே இப்போது மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். அவள் நெட்டப்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறாள். தையலம்மாள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். காலை ஆறு மணிக்கு வேன் வந்து அழைத்துப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது. கால் நனைவதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் வாசலில் ஒரு கணம் நிற்கிறாள். தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று உள்ளேயிருந்து யாரும் கேட்பதில்லை.